இரண்டு நாள் பார்க்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவர் பதில்களில், ஒன்றரை வயதுப் பிள்ளை காய்ச்சலோடு காலை ஊன்ற மறுக்கிறது என்று ஒரு தாய் கேட்டிருந்தார். 'சுளுக்காக இருக்கும், இரண்டு நாள் பார்க்கலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அடுத்த கேள்வி முடி கொட்டுவது பற்றி. அதற்கு அரைப் பக்கம். படித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கும் அப்போது அதே வயது. வளவு முழுக்க ஓடித் திரிந்தவன், ஒருநாள் காலையில் இடது காலை மடக்கி வெளிப்பக்கம் சாய்த்தபடியே கிடந்தான். சும்மா விட்டால் அழவில்லை. டயப்பர் மாற்றக் காலைத் தூக்கினால் வீறிட்டான். காய்ச்சல் 100தான். நானும் சுளுக்கென்று விளக்கெண்ணெய் போட்டு உருவிவிட்டேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும். இங்கே எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். மூட்டில் சீழ் பிடித்த புதிதில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும் என்பது மதுரைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அங்கே இடுப்பை ஸ்கேன் செய்து, கோத்திருந்த நீரை ஊசியில் உறிஞ்சி, கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலேயே விட்டார்கள். ஆய்வகத்தின் வெறும் தட்டில் எளிதில் வளராத கிங்கெல்லா என்ற கிருமி அதில்தான் அகப்பட்டது. 6 மாதம் முதல் 4 வயது வரையான பிள்ளைகளின் மூட்டைத் தேடிப் பிடிப்பது அதுதானாம்.

101.3 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கால் ஊன்றாமை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் 40க்கு மேல், வெள்ளணு 12,000க்கு மேல் என்று, இடுப்பு மூட்டில் சீழா என்று கணிக்க 1999இல் வந்த கோக்கர் கணக்கு தங்களுக்குத் தெரியாததல்ல. பேரனுக்கு அதில் இரண்டுதான் தேறியது. நாலும் சேரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் குருத்தெலும்பு போயிருக்கும்.

எங்கள் செட்டிநாடு என்றால் உங்களுக்கு மிளகுக்கோழியும் தேக்குத் தூணும்தான். ராத்திரியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மதுரைக்கு ஓடுகிறோமே, அதை ஒருநாள் எழுதினீர்களா? தீபாவளி மலரில் எங்கள் பக்கத்து இனிப்பான கும்மாயத்துக்கு உளுந்தை வறுக்காமலே அரைக்கச் சொன்னீர்கள். எழுதினேன், பதில் இல்லை. அது போனால் மாவோடு போகும்.

கேட்பது ஒன்றுதான். 'காய்ச்சலோடு பிள்ளை காலை ஊன்றவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று அதே பக்கத்தில் ஒரு வரி. முடிக்கு மிஞ்சிய இடம் போதும். போடாவிட்டாலும் சந்தாவை நிறுத்தமாட்டேன், என் மாமியார் கட்டத் தொடங்கியது.

ஓர் ஆச்சி,
பள்ளத்தூர்.