பாப்பாவுக்கு, அலுவலக முகவரிக்கு

குடியாத்தம்,
ஆடி 5.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் போன மாதம் இருந்தபடியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை தெருவில் கூழ் ஊற்றினார்கள். உனக்குப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே அம்மா ஒரு சொம்பு அதிகமாக வாங்கிவந்தாள். காட்பாடி சித்தப்பா வீட்டு விஷயத்தையும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பேசினார். முந்தின நாள் இரவு உனக்கு வயிற்றுவலி வந்ததாகவும், அவர் கீழே மருந்துக் கடைக்குப் போய் வலி மாத்திரை வாங்கிவந்து கொடுத்ததாகவும், அரை மணி நேரத்தில் நீ தூங்கிவிட்டதாகவும், இந்த மாதத்தில் இப்படி வருவது மூன்றாவது முறை என்றும் சொன்னார். மாத்திரையின் பெயரைக் கேட்டேன். டைக்ளோஃபினாக் கலந்தது. எனக்குக் கை நடுங்கியது. "சரிங்க மாப்பிள்ளை, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அன்றிலிருந்து நான்கு முறை உன்னை அழைத்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. எடுத்தாலும் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுச் சமைத்துக்கொண்டே பேசுவாய். அதில் நான் எதைக் கேட்பது? அதனால்தான் கடிதம்.

முதலில் இதை எழுதிவிடுகிறேன்: அந்த வலி மாத்திரை இனி வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் ஆகிய எதுவும் உன் வயிற்றுக்கு ஆகாது. எடை குறைவதற்காக நீ செய்துகொண்ட இரைப்பை பைபாஸ் அறுவையில், இரைப்பையின் புதிய சிறு பையையும் குடலையும் தைத்து இணைத்த இடத்தில் அவை புண்ணை உண்டாக்கும். அந்தப் புண் இரத்தம் கசியலாம், ஓட்டையாகவும் ஆகலாம். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் பாராசிட்டமால் போதும் என்று அறுவை செய்த மருத்துவர் நம் மூவரையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னது உனக்கு மறந்திருக்காது. மாப்பிள்ளை அதைக் கேட்டவர் அல்லர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நாம் சொன்னது மட்டும்தான்.

இரண்டாவது, அந்த வலியைப் பற்றியது. சாப்பிட்ட பிறகு வருகிறதா, தொப்புளுக்கு மேலே முறுக்கிப் பிடிக்கிறதா, முதுகுக்குப் போகிறதா, தானாகவே விட்டுவிடுகிறதா என்று எனக்கு எழுது. 31 ஆண்டுகள் கரும்பலகையில் செரிமான மண்டலத்தை வரைந்தவன் நான். ஆனாலும் உன் மருத்துவர் ஒரு காகிதத்தில் குடலை மாற்றி இணைத்து வரைந்து காட்டிய அன்றுதான், அதில் எத்தனை புதிய இடைவெளிகள் உண்டாகின்றன என்று எனக்குப் புரிந்தது. நீ மெலிய மெலியக் குடலைத் தாங்கிப் பிடிக்கும் மடிப்பில் இருந்த கொழுப்பும் கரைந்து, அந்த இடைவெளிகள் அகலும். குடலின் ஒரு வளையம் அதற்குள் நழுவிப் போய், சில நேரம் தானாகவே திரும்பி வந்துவிடும். அதனால்தான் வலி வருவதும் போவதுமாக இருக்கும், இடையில் எடுக்கும் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். திரும்பி வராமல் சிக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். அறுவை முடிந்து ஆண்டுகள் கழித்தும் இது வரக்கூடியது. உனக்கு வந்திருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. வாயுவாக இருக்கலாம், இணைப்பில் புண்ணாக இருக்கலாம், பித்தப்பையில் கல்லாகவும் இருக்கலாம். ஆனால் பைபாஸ் செய்துகொண்டவளின் வயிற்றுவலியை, அந்த அறுவையைத் தெரிந்த ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். தெருமுனை மருந்துக் கடை பார்க்கக் கூடாது.

பித்தப்பை என்று எழுதும்போதே எனக்கு மனம் குன்றுகிறது. வேகமாக மெலிபவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேரும் என்பதனால்தான் முதல் ஆறு மாதம் உனக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். உன் பித்தப்பை இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாப்பிள்ளையின் அறிவில் மட்டும் அது இல்லை. அந்த ஐந்து சிறு தழும்புகளும் பித்தப்பையை எடுத்ததால் வந்தவை என்றுதான் அவர் இன்றுவரை நம்புகிறார். நாளைக்கு நீ வாய்திறந்து சொல்ல முடியாத நிலையில் உன்னை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அங்கே கேட்கும் முதல் கேள்விக்கே அந்த நல்ல மனிதர், தெரியாமல், பொய்யான பதிலைச் சொல்வார்.

நீ அறுவை செய்துகொண்டது தவறு என்று நான் நினைப்பதாக எண்ணிவிடாதே. அன்றும் நினைக்கவில்லை. 112 கிலோ இருந்தாய், 26 வயதிலேயே சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, இரவில் மூச்சு நின்றுவிடாமல் இருக்க முகத்தில் மாட்டிக்கொள்ளும் அந்த இயந்திரம். ஆயாவின் காலை எடுத்த நாளன்று நீ மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த கோலம் எனக்கு நினைவிருக்கிறது. நீயே படித்து, நீயே இரண்டு மருத்துவர்களைப் பார்த்து, உன் சம்பளத்திலிருந்தே பணம் சேர்த்து, எங்களிடம் வந்து முடிவாகச் சொன்னாய். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிப் பல்லாண்டுகளாக நடந்த ஆய்வைக் காட்டி, அறுவை செய்துகொண்டவர்கள் அதே உடல்வாகு உடைய மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டு அதிகம் வாழ்கிறார்கள் என்று எனக்கே பாடம் எடுத்தாய். சர்க்கரை மாத்திரை நின்ற அன்று பள்ளி நண்பர்கள் இருவரிடம் சொல்லத் துடித்தேன். சொல்லவில்லை. பெருமையைக்கூடச் சொல்ல முடியாதபடி நானே கதவைச் சாத்தி வைத்திருந்தேன்.

ஆனால் அத்தனை படித்தவள், இப்போது ஏன் இப்படி இருக்கிறாய்? பொங்கலுக்கு வந்தபோது அந்த நீலப் பையை அம்மா துவைக்க எடுத்தாள். இரும்பு மாத்திரை அட்டையில் இரண்டே இரண்டுதான் பிரித்திருந்தது. கால்சியம் காலாவதியாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அம்மா என்னிடம் காட்டினாள். உன்னிடம் கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நீ நினைக்கிறாய். பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் இருப்பில் இருக்கும், பாப்பா. அதை உறிஞ்சுவதற்கு இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும், உன் உணவு அந்தப் பகுதியைத் தொடாமலே போகிறது. ஆகையால் இருப்பு தீரும் காலமும், நோயாளி மாத்திரையில் சலிப்படையும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேருகின்றன. இரும்பும் கால்சியமும் பெரும்பாலும் உறிஞ்சப்படுகிற முன்சிறுகுடலும் உனக்குப் பாதையில் இல்லை. ஊசியோ மாத்திரையோ, இது உயிருள்ளவரை தொடர வேண்டியது. கால்சியம் சிட்ரேட்டாகவே வாங்கு. கார்பனேட் கரைவதற்கு வேண்டிய அமிலம் உன் பையில் போதாது. இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் போடாதே, இரண்டு மணி நேரம் இடைவெளி விடு. எலும்பு தேய்வது வெளியே தெரியாது. தெரியும் நாளில் முறிந்திருக்கும்.

ஆண்டுப் பரிசோதனைக்கும் நீ போகவில்லை என்று நினைக்கிறேன். எடை கொஞ்சம் ஏறியிருப்பதால் அந்த மருத்துவரின் முகத்தில் விழிக்க வெட்கப்படுகிறாயோ என்று அம்மா சொல்கிறாள். இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு ஓரளவு ஏறுவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். மதிப்பெண் குறைந்தவன் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுவதை எத்தனை ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்! நீ அப்படிச் செய்பவள் இல்லையே.

இன்னொன்றும் உண்டு, தகப்பன் எழுதத் தயங்கும் செய்தி, ஆனாலும் எழுதுகிறேன். சம்பந்தி அம்மா போன மாதம் பேசும்போது, விசேஷம் ஏதாவது உண்டா என்று அம்மாவிடம் கேட்டார்கள். அது உங்கள் இருவரின் விருப்பம். அவசரப்படுத்த நாங்கள் யார்? ஆனால் அப்படி ஒரு காலம் வந்தால், முதல் நாளிலேயே மகப்பேறு மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிடு. கர்ப்பிணிகளுக்கெல்லாம் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். ஒரே ஒரு மக்கன் பேடா இனிப்புக்கு ஆரணி வீட்டில் நீ வியர்த்து, நெஞ்சு படபடத்து, கூடத்தில் படுத்துக்கொண்டது நினைவிருக்கிறதா? வெயில் என்றார்கள், கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள், நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தக் குளுக்கோஸ் உனக்கு எப்படி ஒத்துக்கொள்ளும்? வேறு வழியில் சர்க்கரையைக் கணக்கிட அவர்களால் முடியும், தெரிந்தால். வயிற்றில் பிள்ளை வளர வளரக் குடல் இடம்பெயர்வதும் சிக்குவதும் அதிகம் என்பதையும் அவர்கள் கவனித்துக்கொள்வார்கள், தெரிந்தால்.

தெரிந்தால், தெரிந்தால் என்று எழுதிக்கொண்டே போகிறேன். தெரியாமல் வைத்தவன் நான்.

அந்த ஆண்டு வைகாசி முதல் நாள், நம் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அறுவை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பேசி முடிக்க ஆரணியிலிருந்து அவர்கள் வந்திருந்தார்கள். அதற்கு முன் இரண்டு வாரத்துக்கும் மேலாக நீ குடித்த கஞ்சியும் தங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். திருவிழா முடியட்டும், பிறகு போகலாம் என்று தள்ளிப்போட்டவனும் நான்தான். அன்று மதியம் நீ மயங்கி விழுந்ததும் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சம்பந்தி அம்மா கூடவே வந்து உன் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார்கள். மருத்துவர் தழும்புகளைப் பார்த்து, என்ன அறுவை என்று கேட்டார். பித்தப்பைக் கல் என்றேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டாய்.

அந்த மருத்துவர்மீது ஒரு குற்றமும் இல்லை. வாடிய உடம்புக்கு எவரும் செய்வதைச் செய்தார், குளுக்கோஸ் ஏற்றினார். தயமின், அதாவது பி1 வைட்டமின், உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குமேல் இருப்பு நிற்காது. அது வற்றிய உடம்பில், தயமினைக் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் துளியும் அந்தச் சர்க்கரையை எரிப்பதிலேயே தீர்ந்து மூளை தாக்கப்படும். இதைப் பாடப்புத்தகத்தில் பெரிபெரி என்ற தலைப்பின்கீழ் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். மறுநாள் காலையில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாய். சுவரைப் பிடித்துத் தள்ளாடினாய். அம்மாவைப் பார்த்து ஆயா என்று கூப்பிட்டாய்.

வேலூருக்குக் கொண்டு போனோம். அவசரப் பிரிவில் உண்மையைச் சொன்னவள் அம்மா. நான் வண்டியை நிறுத்தப் போயிருந்ததாக இன்றுவரை உன்னிடம் சொல்லிவந்திருக்கிறேன். வண்டி அதற்கு முன்பே நிறுத்தியாகிவிட்டது. நான் வாசலில், கதவுக்கு வெளியே, உள்ளே கேட்கும் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தேன். சம்பந்தி வீட்டார் இன்னொரு காரில் பள்ளிகொண்டா தாண்டி வந்துகொண்டிருந்தார்கள், அவர்கள் வருவதற்குள் பேச்சு முடிந்துவிட வேண்டுமே என்பது ஒன்றே என் எண்ணமாக இருந்தது. உள்ளே உடனே தயமின் ஊசி போட்டார்கள். சுருங்கியிருந்த இணைப்பைப் பிறகு குழாய்விட்டு விரித்தார்கள். உன் கண் சரியாயிற்று, நடை சரியாயிற்று. கால் எரிச்சல் மட்டும் நிற்கவில்லை. டைபாய்டு என்று சம்பந்தி வீட்டாரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு, நீ ஒரு நாளும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நீ மறைப்பதற்காக உன்னைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் இல்லை. மாத்திரையை அலுவலக மேசையில் ஒளித்துவைக்க வேண்டிய வாழ்க்கையை உனக்கு அமைத்துக்கொடுத்தவன் நான். அந்த ஒளிவினால்தான் அது ஒழுங்காக உன் வயிற்றுக்குப் போகவில்லை என்றும் நினைக்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு, பாப்பா. நீ சொல்லச் சங்கடப்பட்டால் நான் காட்பாடியில் ரயில் ஏறி வருகிறேன். பொய் சொன்னவன் நான், நான் சொல்வதுதான் முறை. அவர் கோபப்பட்டால் என்மீது படட்டும். நள்ளிரவில் உனக்காக மருந்துக் கடை தேடிப் போகிறவர், உண்மை தெரிந்தால் எங்கே போக வேண்டுமோ அங்கே போவார்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் இரண்டு இதனுடன் இருக்கின்றன. என்ன அறுவை, எந்தத் தேதி என்ற வரிகளின்கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன். ஒன்று உன் கைப்பையில் இருக்கட்டும். மற்றது மாப்பிள்ளையின் பணப்பைக்கு. இந்த வாரமே புனேயில் பைபாஸ் செய்யும் அறுவை மருத்துவர் ஒருவரைப் பார். அதற்குள் வலி மறுபடி வந்தால், வாந்தியும் சேர்ந்து வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதே. வலி மாத்திரை வேண்டாம்.

இந்தக் கடிதத்தை உன் அலுவலக முகவரிக்கே அனுப்புகிறேன். வீட்டு முகவரியை எழுத இன்றைக்கும் எனக்குத் துணிவு வரவில்லை. நீ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால், அடுத்ததை மாப்பிள்ளையின் பெயருக்கே எழுதுகிறேன்.

அம்மா இதைப் படித்துவிட்டாள். முருங்கைக்கீரைப் பொடியும் வறுத்த வேர்க்கடலையும் தனியே பார்சலில் வருகின்றன.

அன்புடன்,
அப்பா