காட்டுவது மைனஸ் 20, உள்ளே இருப்பது மைனஸ் 26: உங்கள் கன்ட்ரோலர் பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உறைநிலை அறையில் பொருத்திய கன்ட்ரோலர் தவறான வெப்பநிலை காட்டியது, ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) மாற்றிய பிறகு கம்ப்ரசர் பகுதியில் ஏற்பட்ட சேதம், உங்கள் சேவை அறிக்கையைத் திருத்தக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

எங்கள் புகாரை முடித்துவைத்து உங்கள் சேவைப் பிரிவு அனுப்பிய அறிக்கை கிடைத்தது. காரணம் என்ற கட்டத்தில் "வாடிக்கையாளரின் அமைப்புப் பிழை" என்று ஒரே வரி எழுதியிருக்கிறார்கள். வாரன்ட்டி கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்த ஒரு வரியைப் பொறுத்துத்தான் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்த வரி உண்மையல்ல. ஏன் என்று விளக்கமாக எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னபோது ஒவ்வொரு முறையும் வேறொருவர் கேட்டு, வேறொரு பதில் சொன்னார். எழுத்தில் இருந்தால் ஒருவராவது முழுதாகப் படிப்பார் என்று நம்புகிறேன்.

அறை மைனஸ் 20 டிகிரிக்காக வடிவமைத்தது. கன்ட்ரோலரையும் அதே பெட்டியில் நீங்கள் கொடுத்த இரண்டு சென்சார்களையும் பொருத்தினோம். ஒன்று அறைக் காற்றுக்கு, மற்றது ஈவாப்பரேட்டர் காயிலுக்கு (அறைக் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்). செட் பாயின்ட் மைனஸ் 20, டிஃபரன்ஷியல் 2. திரையைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு: மைனஸ் 20 வந்ததும் கம்ப்ரசர் நிற்கும், மைனஸ் 18 ஆனதும் ஓடும். ஆனால் பழைய கன்ட்ரோலர் இருந்தபோது ஓடியதைவிட கம்ப்ரசர் மிக அதிக நேரம் ஓடியது. சக்‌ஷன் அழுத்தம் (கம்ப்ரசர் உள்ளிழுக்கும் வாயுவின் அழுத்தம், அறை குளிரக் குளிர இறங்கும்) இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அறைக்குள் தனி வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, கதவைத் திறக்காமல் வைத்திருந்து பார்த்தோம். உங்கள் திரை மைனஸ் 20 என்று சொன்ன நேரத்தில் அது மைனஸ் 26ஐத் தாண்டியிருந்தது. வெப்பமானி தவறாக இருக்கலாம் என்று உங்கள் உதவி மையத்தில் சொன்னார்கள். சரி, இருக்கலாம். ஆனால் சக்‌ஷன் கேஜும் சேர்ந்து அதே கதையைச் சொல்கிறதே? அதற்கு உங்கள் கன்ட்ரோலரோடு எந்த வயர் தொடர்பும் கிடையாது.

அடுத்து வந்த பதில்: சென்சார் கேபிள் பவர் கேபிளோடு ஒன்றாகப் போகிறது, மின் இரைச்சல் (பக்கத்துக் கேபிளின் குறுக்கீடு) ஏறுகிறது. எங்கள் சென்சார் கேபிள் ஷீல்டு உள்ளது, தனி ட்ரேயில் போகிறது, ஷீல்டை ஒரு முனையில் மட்டுமே எர்த் செய்திருக்கிறோம். படமும் அனுப்பினோம். அதை விடுங்கள். இரைச்சல் ஏறினால் அளவீடு துள்ளும், மோட்டார் ஓடும்போது ஒன்றும் நிற்கும்போது ஒன்றும் காட்டும். இங்கே கம்ப்ரசர் நின்றாலும் ஓடினாலும் அதே ஆறேழு டிகிரி வித்தியாசம் ஆடாமல் அசையாமல் இருந்தது. இரைச்சல் அப்படி நடந்துகொள்ளாது.

அதற்கடுத்த பதில்தான் இன்னும் மோசம். ஆஃப்செட் அளவுருவில் மைனஸ் 6 கொடுத்துவிடுங்கள், சரியாகிவிடும் என்றார்கள். ஆஃப்செட் எல்லா வெப்பநிலையிலும் ஒரே அளவைக் கூட்டும் அல்லது கழிக்கும். எங்கள் சென்சார் 25 டிகிரியில் சரியாகக் காட்டியது. 0 டிகிரியில் மூன்று டிகிரிக்கு மேல் தவறு. மைனஸ் 20ல் ஆறு, ஏழு. குளிரக் குளிரப் பிழை வளர்ந்தது. இதற்கு ஆஃப்செட் கொடுத்தால் ஒரு புள்ளியில் மட்டும் பொருந்தும், மற்ற எல்லா இடத்திலும் புதுத் தவறு பிறக்கும். சாதாரண அறை வெப்பத்தில் அந்த சென்சார் 25க்குப் பதில் 19 காட்டும்.

பிழை வளர்ந்த இந்த விதம்தான் எங்களுக்கு வழி காட்டியது. சென்சாரைக் கழற்றி, நன்றாக நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைத்து, கலக்கிக்கொண்டே மல்டிமீட்டரில் மின்தடையைப் பார்த்தோம். 0 டிகிரியில் 27 கிலோ ஓமுக்குச் சற்று மேல். 25 டிகிரியில் 10 கிலோ ஓம். குளிர்பதனத் துறையில் மிகப் பரவலாக இருக்கும் என்டிசி வகை (குளிரக் குளிர மின்தடை ஏறும் சென்சார்) இது, பீட்டா மதிப்பு (மின்தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் எண்) 3435. ஆனால் உங்கள் கன்ட்ரோலர் ஆலையிலிருந்து வரும்போது வேறொரு வளைவை, அதாவது மின்தடையை வெப்பநிலையாக மாற்றும் வேறொரு அட்டவணையை, வைத்துக் கணக்கிடுகிறது. பீட்டா 3950 பக்கம் இருக்கும் அந்த வகையிலும் 25 டிகிரியில் 10 கிலோ ஓம்தான். 0 டிகிரிக்கு வந்தால் 32 கிலோ ஓமைத் தாண்டிவிடும், மைனஸ் 20ல் 97 கிலோ ஓம் அருகில் போய்விடும். எங்கள் சென்சார் மைனஸ் 20ல் தருவது 68 கிலோ ஓம் அளவுதான். 68 என்ற எண்ணை வாங்கிக்கொண்டு உங்கள் கன்ட்ரோலர் தன் அட்டவணையில் தேடுகிறது, மைனஸ் 14 என்று முடிவு செய்கிறது, இன்னும் குளிர வேண்டும் என்று கம்ப்ரசரை ஓட்டுகிறது. அறை மைனஸ் 27 பக்கம் போன பிறகுதான் அதற்கு 97 கிடைக்கும்.

மேசை மேல் வைத்துச் சோதித்தால் இந்தத் தவறு யார் கண்ணிலும் படாது. 25 டிகிரியில் இரண்டு வளைவும் ஒன்றாகத்தான் இருக்கும். உங்கள் ஆலைச் சோதனையில் தேறிவிடும், எங்கள் பேனல் சோதனையிலும் தேறிவிடும். சென்சாரை உறைநிலை அறையில் மாட்டிய பிறகுதான் வெளியே வரும்.

இப்போது அறிக்கையின் வரிக்கு வருகிறேன். சென்சார் வகையைச் சரியாகத் தேர்வு செய்யாதது வாடிக்கையாளரின் பிழையாம். உங்கள் கையேட்டில் சென்சார் வகைக்கான அளவுருவின் எதிரே மூன்று தேர்வுகள் அச்சாகியிருக்கின்றன: பிடிசி, என்டிசி, பிடி1000. நாங்கள் என்டிசி தேர்வு செய்தோம். நீங்கள் கொடுத்த சென்சார் என்டிசி. இதில் பிழை எங்கே? என்டிசிக்குள் இரண்டு வளைவுகள் இருக்கின்றன, நான்காவதாக ஒரு தேர்வு இருக்கிறது என்பது கையேட்டில் எங்கும் இல்லை. அம்பு விசையை மூன்றுக்கு மேலும் அழுத்திப் பார்த்த எங்கள் எலக்ட்ரீஷியன்தான் அதைக் கண்டுபிடித்தார். அதைத் தேர்வு செய்ததும் பனித் தண்ணீரில் 0.2 காட்டியது, அறையிலும் வெப்பமானியும் திரையும் ஒன்றாகின. மின் அதிர்ச்சி, ஈரப்பதம், அப்புறப்படுத்தும் முறை பற்றியெல்லாம் பல பக்கங்கள் எச்சரிக்கை அச்சடித்திருக்கிறீர்கள். அதில் அரை வரி இதற்குக் கொடுத்திருக்கலாம். இல்லையென்றால், பெட்டிக்குள் போடும் சென்சாருக்குப் பொருந்தும் வளைவையே ஆலையில் அமைத்து அனுப்பியிருக்கலாம். அதுதான் முறை.

டிஃப்ராஸ்டும் (காயிலில் படியும் பனியை ஹீட்டரால் உருக்குவது) இதனால் கெட்டது. காயில் சென்சாரும் அதே வகை. காயில் 8 டிகிரி வந்ததும் ஹீட்டர் நிற்க வேண்டும் என்று அமைத்திருந்தோம். கன்ட்ரோலர் 8 என்று நினைத்தபோது காயில் உண்மையில் 5 டிகிரி அளவில்தான் இருந்தது. சென்சாருக்கு அருகே பனி உருகியிருக்கும், தொலைவான மூலையில் மிச்சம் நிற்கும். அடுத்த சுழற்சியில் அதன் மேல் இன்னும் படியும். கடைசியில் காயிலின் ஒரு பக்கம் பனிப் பாறையாகிக் காற்றே போகாமல் அடைத்துக்கொண்டது. டிஃப்ராஸ்ட் இடைவெளியைக் குறையுங்கள் என்று இதற்கும் உங்களிடம் ஒரு ஆலோசனை தயாராக இருந்தது. இடைவெளியைக் குறைத்தால் ஹீட்டர் அறைக்குள் கொட்டும் வெப்பம் கூடும், அதை எடுக்க கம்ப்ரசர் மறுபடி ஓடும். ஆவியாகும் வெப்பநிலை ஒரு டிகிரி கீழே போனாலே மின்சாரச் செலவு சுமார் இரண்டு மூன்று விழுக்காடு கூடும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. நாங்கள் ஆறேழு டிகிரி கீழே ஓட்டிக்கொண்டிருந்தோம்.

இதுவரை சொன்னது மின்சாரமும் நேரமும் வீணான கதை. சேதம் ஏற்பட்டது இதற்குப் பிறகு, உங்கள் ஆளின் கையால்.

வளைவுச் சிக்கலை நாங்கள் எழுதி அனுப்பியதும், புதிய ஃபர்ம்வேரில் இது தீர்ந்துவிட்டது என்று சொல்லி உங்கள் டெக்னீஷியன் வந்தார். லேப்டாப்பை இணைத்து ஏற்றினார். ஏற்றியதும் எல்லா அளவுருக்களும் ஆலை மதிப்புக்குத் திரும்பிவிட்டன. இது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் சொல்லவில்லை. முன்கூட்டி எதையும் சேமிக்கவும் இல்லை. செட் பாயின்டையும் சென்சார் வகையையும் மட்டும் போட்டுவிட்டு, திரை சரியாகக் காட்டுவதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மீதி அளவுருக்கள் என்ன ஆயின? டிஃபரன்ஷியல் அரை டிகிரி. கம்ப்ரசர் நின்ற பிறகு மறுபடி ஓடக் காத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச நேரம் 0. உயர் வெப்பநிலை அலாரம் 0, அதாவது அலாரமே கிடையாது. சரக்கு ஏற்றும் நேரம் கதவு திறந்து மூட, அரை டிகிரிக்குள் கம்ப்ரசர் நிற்பதும் உடனே ஓடுவதுமாக இருந்தது. இரு பக்க அழுத்தமும் சமமாக நேரமில்லை. தொடக்கத்தில் ஓட்ட மின்னோட்டத்தைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும் மோட்டாருக்கு, வைண்டிங் (உள்ளிருக்கும் கம்பிச் சுற்று) ஆற நேரமில்லை. வாயுவோடு வெளியேறிய ஆயில் திரும்பி வரவும் நேரமில்லை. கான்டாக்டரின் (கம்ப்ரசருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) முனைகள் கருகின, ஓவர்லோடு ரிலே (மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிக்கும் பாதுகாப்பு) ட்ரிப் ஆகி கம்ப்ரசர் நின்றது. கன்ட்ரோலரைப் பொறுத்தவரை தன் ரிலே மூடியிருக்கிறது, ஆகவே கம்ப்ரசர் ஓடுகிறது. அறை சூடேறிக்கொண்டே போக, அது வாய் திறக்கவில்லை. சுற்றிப் பார்க்கப் போன எங்கள் ஊழியர் கவனித்ததால் சரக்கை வேறு அறைக்கு மாற்ற முடிந்தது.

இந்த அளவுருக்கள் எல்லாம் முதலில் நிறுவியபோது நாங்கள் சரியாக அமைத்தவை. நிறுவல் பதிவேட்டில் தேதியோடு இருக்கின்றன. மாற்றியது உங்கள் ஃபர்ம்வேர். அதையும் சேர்த்துத்தான் எங்கள் அமைப்புப் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். குறைந்தபட்ச நிறுத்த நேரத்தின் ஆலை மதிப்பு ஏன் 0 என்பதும் எனக்கு விளங்கவில்லை. கம்ப்ரசரை நேரடியாக ஓட்டும் கருவிக்கு மூன்று நிமிடம் என்று வைத்து அனுப்பினால் யாருக்கு என்ன நஷ்டம்?

சின்னதாக இன்னொன்று. கண்காணிப்புக் கணினியோடு ஆர்எஸ்-485 கேபிள் வழியாக மாட்பஸில் (கருவிகள் தகவல் பரிமாறும் முறை) இணைத்தபோது, மைனஸ் 18.0 டிகிரிக்குக் கணினித் திரையில் 6535.6 வந்தது. எதிர்க்குறியும் வரக்கூடிய எண்ணாகப் படிக்க வேண்டும் என்று உங்கள் மாட்பஸ் பதிவேட்டு அட்டவணையில் குறிப்பில்லை. இதை நாங்களே சரிசெய்துகொண்டோம். ஆனால் புதிய ஃபர்ம்வேரில் சில அளவுருக்களின் குறியீட்டு எண்களே மாறியிருக்கின்றன, எங்கள் கையில் இருப்பதோ பழைய கையேடு. புதியதைக் கேட்டோம், அதே பழையதையே மறுபடி அனுப்பினீர்கள்.

கருவியே உதவாது என்று நான் சொல்லவில்லை. சரியான வளைவும் சரியான மதிப்புகளும் போட்ட பிறகு அது நன்றாகவே வேலை செய்கிறது, திரை தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் பொறியாளர்கள் செய்த வேலையை உங்கள் கையேடும் சேவைப் பிரிவும் கெடுக்கின்றன.

நாங்கள் கேட்பது இதுதான். முதலில், சேவை அறிக்கையில் உள்ள காரணத்தை நீக்கி, நடந்ததை எழுதி, திருத்திய அறிக்கை அனுப்ப வேண்டும். கருகிய கான்டாக்டரையும் ஓவர்லோடு ரிலேயையும் உங்கள் செலவில் மாற்ற வேண்டும். கம்ப்ரசரின் வைண்டிங் இன்சுலேஷனையும் ஆயிலையும் சோதித்து முடிவை எழுத்தில் தர வேண்டும். இப்போது ஓடுகிறதே என்று விட்டுவிட எங்களுக்கு மனமில்லை, ஏனென்றால் இந்த மாதிரிச் சேதம் பல மாதம் கழித்துத் தலைகாட்டும், அப்போது வாரன்ட்டி முடிந்திருக்கும். ஆகவே கம்ப்ரசருக்கு இந்தச் சம்பவம் தொடர்பான தனி உறுதிமொழி வேண்டும். இப்போதைய ஃபர்ம்வேருக்குரிய முழு அளவுருப் பட்டியல், ஆலை மதிப்புகளோடும் சென்சார் மின்தடை அட்டவணையோடும் வேண்டும். இனி உங்கள் ஆள் யார் வந்தாலும், ஃபர்ம்வேர் ஏற்றுவதற்கு முன் அளவுருக்களைச் சேமித்து ஒரு பிரதி எங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அது இல்லாமல் பேனலைத் திறக்க விடமாட்டோம்.

இதே பெட்டியை வாங்கிய மற்றவர்களுக்கும் சென்சார் வளைவு பற்றித் தகவல் அனுப்புங்கள். அவர்களில் பலருக்கு அறை வேண்டியதைவிடக் குளிர்ந்து கிடக்கும், மின் கட்டணம் ஏன் ஏறியது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். தொலைபேசி பதிலைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டோம். அதற்குள் வராவிட்டால், கொள்முதல் ஒப்பந்தத்தில் உள்ள தகராறு தீர்க்கும் பிரிவின்படி அடுத்த நடவடிக்கை எடுப்போம். ஆய்வுக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள், டிஃப்ராஸ்ட் நேரத்தை ஒட்டி வந்தால் காயில் சென்சாரையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவுப் பொறுப்பாளர்

இணைப்புகள்: நிறுவல் பதிவேட்டின் நகல், பனித் தண்ணீர்ச் சோதனை அளவீடுகளும் படங்களும், ஃபர்ம்வேர் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள அளவுரு மதிப்புகள், கருகிய கான்டாக்டரின் படங்கள், உங்கள் சேவை அறிக்கையின் நகல்.