சியோனிலிருந்து பெரியப்பாவுக்கு

சியோன்,
சுவிட்சர்லாந்து

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். ஆண்டவர் அருளால் நான் இங்கே நலம். பெரியம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? அதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அக்டோபரில் இருவரும் வருவதாக எழுதியிருந்தீர்கள். கடிதத்தை இரவுப் பணி முடிந்து வந்து படித்தேன், அதன் பிறகு தூக்கமே வரவில்லை. நல்ல ஒயின் எங்கே குடிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். பெங்களூர் மர்ஃபி டவுன் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெங்களூர் நீலத் திராட்சையைக் கையால் மசித்து, பீங்கான் ஜாடியில் சர்க்கரையும் கோதுமையும் கிராம்பும் போட்டு, நாள் தவறாமல் மரக்கரண்டியால் கிளறிவிடுகிறவர் நீங்கள். உங்களுக்கு ஒரு கடையின் பெயரை எழுதி அனுப்பினால் போதாது.

முதலில் ஊரைச் சொல்கிறேன். வலே மாநிலத்தின் தலைநகர் இது. ரோன் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆல்ப்ஸ் மலை. ஊர் நடுவே இரண்டு குன்றுகள் நிற்கின்றன. ஒன்றில் தூர்பியோன் கோட்டையின் இடிபாடு, மற்றொன்றில் வலேர் பேராலயம். அந்த ஆலயத்தில் 1435 வாக்கில் செய்த ஆர்கன் ஒன்று சுவரில் உயரத்தில் இருக்கிறது, இன்னும் வாசிக்கிறார்கள். இத்தனை காலம் பாடகர் குழுவில் நின்ற நீங்கள் அதை அவசியம் பார்க்க வேண்டும்.

மலை ஊர் என்றால் மழை கொட்டும் என்று நினைத்துத்தான் நான் வந்தேன். இங்கே ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவுதான் பெய்கிறது, பெங்களூரைவிட மிகக் குறைவு. இரு பக்க மலைகளும் மழை மேகத்தைத் தடுத்துவிடுகின்றன. வெயிலுக்குக் குறைவில்லை, தெற்கிலிருந்து மலையைத் தாண்டி வரும் வெப்பக் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். திராட்சைக்கு அந்த வெயில் வேண்டும். ஆனால் தண்ணீர்? அதை மனிதர்கள்தான் கொண்டுவந்தார்கள். மலை மேலே பனி உருகி வரும் ஓடைகளிலிருந்து பாறையை ஒட்டியே வாய்க்கால் வெட்டித் தோட்டங்களுக்குத் திருப்பினார்கள். சியோனுக்கு மேலே ஓடும் க்ளாவோ வாய்க்கால் 15ஆம் நூற்றாண்டில் வெட்டியது. லியேன் ஆற்றின் தண்ணீர் அதில் இன்றைக்கும் வந்து திராட்சைக்குப் பாய்கிறது. இத்தகைய பாரம்பரியப் பாசனத்தை 2023இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நீங்கள் ஒயின் குடிக்க வேண்டிய இடம் அந்த வாய்க்கால் கரைதான் பெரியப்பா. ஊருக்குள் இருக்கும் எந்த உணவகத்தையும் அதற்கு அடுத்தபடியாகத்தான் சொல்வேன்.

வாய்க்காலை ஒட்டி ஒற்றையடிப் பாதை போகிறது. தண்ணீர் மெல்ல ஓடுவதற்காக வெட்டியதால் பாதையும் பெரும்பாலும் சமதளம். முழங்காலைப் பற்றிக் கேட்டது இதற்காகத்தான். பெரியம்மா நிதானமாக நடந்தால் சிரமம் இருக்காது. முழு நீளமும் நடக்க வேண்டியதில்லை. மேலும் கீழும் அடுக்கடுக்காகத் திராட்சை. ஒவ்வொரு அடுக்கையும் தாங்குவது சுண்ணாம்போ சிமென்டோ இல்லாமல் கல்மேல் கல் வைத்துக் கட்டிய சுவர். சில இடங்களில் அந்தச் சுவர்கள் ஒரு பெரிய கட்டடத்தின் உயரத்துக்கு எழும்பி நிற்கின்றன. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் அவை கொடிக்கு வெப்பம் கொடுக்கின்றன. அந்தச் சரிவில் இயந்திரம் ஏறாது, உழைப்பெல்லாம் கையால்தான்.

தோட்டங்களுக்கு நடுவே தோட்டக்காரர்கள் கருவிகள் வைக்கவும் வெயிலுக்கு ஒதுங்கவும் கட்டிய சின்னக் கல்வீடுகள் இருக்கின்றன. கெரித் என்பார்கள். சிலவற்றில் இப்போது உணவும் ஒயினும் கொடுக்கிறார்கள். ப்ரூல்ஃபேர் என்ற கெரித் எனக்கு மிகவும் பிடித்தது. வெளியே மேசை போட்டிருப்பார்கள். கையில் இருக்கும் கோப்பையில் உள்ளது எந்தச் சரிவில் விளைந்தது என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

இங்கே ஒயினை டெசிலிட்டர் கணக்கில் கேட்க வேண்டும். ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர், சின்னக் கோப்பை, அதிலேயே தொடங்குங்கள். முதலில் ஃபாந்தான். ஷாஸ்லா என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து வருவது, லேசானது, அதிகம் பேசாத ஒயின். அடுத்து பெத்தித் ஆர்வின். இதைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதுவேன். இந்தப் பள்ளத்தாக்கின் சொந்தத் திராட்சை. வாசனையில் பம்ப்ளிமாஸ், விழுங்கிய பிறகு, உப்பு தொட்ட மாங்காய்க் கீற்றைக் கடித்தது போல நாக்கின் ஓரத்தில் ஒரு கரிப்பு நிற்கும். சிவப்பு வேண்டுமென்றால் கொர்னாலான் கேளுங்கள், செர்ரிப் பழத்தின் துடிப்பு உள்ளது. உமாஞ் ரூஜ் கொஞ்சம் காட்டு வாசனையோடு இருக்கும். பிரான்சின் பெரிய பெயர்களை இங்கே கேட்காதீர்கள். அவை பெங்களூரிலேயே கிடைக்கும். சுவிட்சர்லாந்து விளைவிக்கும் ஒயினில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் நாட்டை விட்டு வெளியே போகிறது. மற்றதையெல்லாம் இவர்களே குடித்துவிடுகிறார்கள். அதனால் இதைக் குடிக்க இங்கேதான் வர வேண்டும்.

உங்கள் கிறிஸ்துமஸ் ஒயின் இனிப்பு. அந்த நாக்குக்கு வெத்ரோ கிராமத்தின் அமீஞ் பிடிக்கும் என்று நம்புகிறேன். சியோனிலிருந்து பக்கம்தான். உலகில் இருக்கும் அமீஞ் கொடியில் பெரும்பகுதி அந்த ஒரே கிராமத்தில் இருக்கிறது. புட்டியில் தேனீ படம் போட்டிருப்பார்கள். ஒரு தேனீ என்றால் இனிப்பு அநேகமாக இல்லை, மூன்று என்றால் நல்ல இனிப்பு. உங்களுக்கு மூன்று தேனீ.

என்னோடு மருத்துவமனையில் வேலை செய்பவர்களில் பலருக்குச் சின்னச் சின்னத் திராட்சைத் துண்டுகள் சொந்தமாக இருக்கின்றன. பாட்டன் பாட்டியிடமிருந்து வந்தவை. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இப்படித் துண்டு நிலம் உண்டு. மூத்த செவிலி ஒருவர் அறுவடைக்கு என்னையும் கூட்டிப்போனார். குலையை ஒரு கையால் தாங்கி மறு கையால் வெட்டச் சொல்லிக்கொடுத்தார். அழுகிய மணியை அங்கேயே கிள்ளி எறிய வேண்டும். மதியம் எல்லோரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ரை ரொட்டியும் சீஸும் சாப்பிட்டோம். மொழி தெரியாமல் வந்த எனக்கு இந்த ஊர் கதவைத் திறந்தது அன்றுதான். அவர் வீட்டு நிலவறைக்கு உங்களை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஜாடி ஒயினைப் பற்றி நான் நிறையச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் சியேருக்குப் போவோம், ரயிலில் கால் மணி நேரம். அங்கே ஷாத்தோ த வில்லா என்ற பழைய மாளிகையில் இந்த மாநிலத்தின் நூற்றுக்கணக்கான ஒயின்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ராக்லெத்தும் அங்கேதான் சாப்பிட வேண்டும். பாதிச் சீஸ் வட்டத்தை நெருப்பில் காட்டி உருகியதை வழித்து உருளைக்கிழங்கோடு தருவார்கள். வெவ்வேறு மலை மேய்ச்சல்களின் சீஸ் வரிசையாக வரும். அதோடு குளிர்ந்த தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது இவர்கள் நம்பிக்கை. ஃபாந்தான் அல்லது சூடான தேநீர். பெரியம்மாவுக்குத் தேநீர் சொல்லிவிடலாம்.

அக்டோபர் நல்ல மாதம். கொடிகளின் இலை மஞ்சளாகியிருக்கும். சுட்ட செஸ்நட் கொட்டையோடு சீஸும் திராட்சையும் வைத்துப் புளித்துக்கொண்டிருக்கும் புதுச் சாறு பரிமாறும் பருவம் அது. விஸ்பர்டெர்மினென் கிராமத்தில் 1,100 மீட்டருக்கு மேலும் திராட்சை ஏறியிருக்கிறது. உடம்பு ஒத்துழைத்தால் ரயிலும் மஞ்சள் பஸ்ஸும் மாறி அங்கே போய் ஹைடா என்ற வெள்ளை ஒயின் குடிக்கலாம். கார் வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டுவதில் இங்கே மிகவும் கண்டிப்பு, பஸ் நேரத்துக்கு வந்துவிடும்.

ஜெனிவாவில் இறங்கினால் ரயிலில் ஏறக்குறைய 2 மணி நேரம். நான் விமான நிலையத்துக்கே வந்துவிடுகிறேன். பிடிமானமுள்ள காலணியும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவிடம் ரசப்பொடி கொஞ்சம் கேட்டதாகச் சொல்லுங்கள். டிக்கெட் எடுத்தவுடன் தேதியை எழுதுங்கள். குளிர் தொடங்கினால் கெரித்களில் பெரும்பாலானவை மூடிவிடும், நான் முன்கூட்டியே இடம் சொல்லி வைக்க வேண்டும்.

உங்கள் அன்பு மகள்