காரைக்குடி அம்பாசடர் கட்சிகள் இரண்டுக்கும் ஒரு திறந்த மடல்

பெட்ரோல் கட்சி அண்ணன்மார்களே, டீசல் கட்சி அண்ணன்மார்களே,

டீக்கடையில் கிளாஸ் காலியாகிறது, உங்கள் வழக்கு மட்டும் தீர்வதில்லை. மைலேஜில் எந்த எஞ்சின் உசத்தி என்று கத்துவதற்கு முன்னால் சரியாக அளந்து பாருங்கள். முறையை நாங்கள் சொல்கிறோம்.

முதலில் ஜோடி. பழைய பெட்ரோலும் பழைய டீசலும் 1489 சிசி. போர் (சிலிண்டரின் அகலம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கூட ஒன்றுதான். ஒருதாய்ப் பிள்ளைகள். கம்ப்ரஷன்தான் (சிலிண்டருக்குள் அழுத்தப்படும் விகிதம்) வேறு: டீசலில் 23-க்கு 1, பெட்ரோலில் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. 1817 சிசி இசுசு பெட்ரோலைக் கொண்டுவந்து பழைய டீசலை முந்திவிட்டு மார்தட்டுவது நியாயமில்லை.

அடுத்தது லிட்டர் கணக்கு. டீசல் கட்சி இங்கேதான் ஏமாற்றுகிறது (தெரியாமல்தான் என்று நம்புவோம்). ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம், பெட்ரோல் 740 கிராம். கனமானதில் சூடும் கூடுதல். போதாததற்கு இப்போதைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் சக்தி 6, 7 சதவீதம் குறைவு. ஆகவே எடை போடுங்கள்.

டேங்கை முட்ட நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பும் பழக்கம் வேண்டாம். டீசல் நுரைத்து ஏமாற்றும். எரிபொருள் ஊற்றிய 5 லிட்டர் தகரக் கேனை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, டிக்கியில் ஆடாமல் கட்டி, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி அதில் மாட்டுங்கள். எஞ்சின் பக்கம் கேன் போகவே கூடாது. மூடியில் காற்றுத் துளை இல்லாவிட்டால் நடுவழியில் எரிபொருள் நின்றுவிடும். டீசல் வண்டியில் இன்னொரு வேலை உண்டு: ரிட்டர்ன் குழாயையும் அதே கேனில் விடவேண்டும். மறந்தால் பம்ப் திருப்பி அனுப்புவதெல்லாம் டேங்குக்குப் போய்விடும். குடிக்காததையும் குடித்ததாகக் கணக்கு ஏறும். பிறகு குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்றதும் இறுக்குங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் நட்டுகளைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள்.

பெட்ரோல் கட்சி சும்மா இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டரில் பொறியைக் கிளப்பும் பாயின்ட்டின் இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இருக்கட்டும். பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும் ஹீல் தேய்ந்தால் இடைவெளி சுருங்கும், டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கும், மைலேஜ் போய்விடும். பழியோ கார்புரேட்டர் மேல் விழும். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் உப்பவைக்கும், தொட்டுப் பார்த்து மாற்றுங்கள். சித்திரை வெயிலில் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால், ஈரத்துணியைச் சுற்றிக் கொஞ்சம் பொறுங்கள். அதற்காக டீசல்காரர்கள் சிரிக்கக் கூடாது. காலையில் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு நிற்கும் உங்கள் ஹீட்டர் பிளக்கையும் (கிளப்புவதற்கு முன் சூடேற்றும் பிளக்) நாங்கள் பார்க்கிறோம்.

மீட்டரை நம்பாதீர்கள். பழைய டயரை எடுத்துவிட்டு ரேடியல் மாட்டியிருந்தால் சுற்றளவு மாறியிருக்கும். கிலோமீட்டர் கல்லோடு ஒத்துப் பாருங்கள்.

ஓட்டம் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போய்த் திரும்ப, விடியற்காலையில், ஒரே வேகத்தில், ஏசி உள்ளவர்கள் ஏசி இல்லாமல். போகும்போது ஒரு கட்சி முன்னால், வரும்போது மறு கட்சி. கேனை மறுபடி எடை போட்டு, கிலோவுக்கு எத்தனை கிலோமீட்டர், ரூபாய்க்கு எத்தனை கிலோமீட்டர் என்று இரண்டு கணக்கும் எழுதுங்கள். இரண்டிலும் ஒரே கட்சி தோற்றால் கந்தரப்பம் அவர்கள் செலவு. ஆளுக்கொன்று என்றால் செலவைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

டீசல் கட்சி நாலு ஹோஸ் கிளிப் கொண்டுவரவும். தராசும், பாயின்ட் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் எங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
இரண்டு எஞ்சினையும் பிரித்துப் பூட்டுகிறவர்கள்