ஏற்றத்தில் துணை, இறக்கத்தில் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்குச் சைக்கிளில் சென்ற 22 பேர் கொண்ட சுற்றுலாக் குழுவில் 54 வயதான நானும் ஒருவன். கட்டணம் பெற்றுக்கொண்டு இத்தகைய பயணங்களை நடத்துவோர், மலை ஏறுவதற்குக் காட்டும் அக்கறையில் கால் பங்கைக்கூட இறங்குவதற்குக் காட்டுவதில்லை என்பதை அன்று நேரில் கண்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விடிந்தும் விடியாத வேளையில் அடிவாரமான காரவள்ளியிலிருந்து புறப்பட்டோம். அங்கிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. இருபதாவது வளைவு வரை பேச்சும் சிரிப்புமாக வந்தவர்கள் நாற்பதைத் தாண்டியதும் வாய் திறக்கவில்லை. செயின் ஓடும் சத்தமும் மூச்சிரைப்பும் மட்டுமே கேட்டன. அதுவரை ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் ஆகியவற்றோடு ஒரு வேன் பின்னாலேயே வந்தது. பஞ்சர் ஒட்டவும் ஆள் இருந்தார். பலாவும் அன்னாசியும் குவிந்து கிடந்த சோளக்காட்டுச் சந்தையருகே தேநீர் தந்த அம்மையார், "ஏனுங்க, காசையுங் குடுத்துக் காலையும் நோகடிச்சுக்கறீங்களா?" என்று கேட்டது நியாயமான கேள்விதான்.

மதிய உணவுக்குப் பிறகு நிலைமை மாறியது. அடிவாரத்தில் குழுப்படம் எடுக்க ஏற்பாடு செய்வதற்காக வேன் முன்னதாகவே இறங்கிவிட்டது. "மெதுவாக வந்து சேருங்கள்" என்பதற்கு மேல் எங்களுக்கு ஒரு சொல்லும் கூறப்படவில்லை. 22 பேரும் ஒரே மூச்சில் புறப்பட்டோம். எனக்கு முன்னால் சென்ற கல்லூரி மாணவர், அந்த அமைப்பாளரிடமே வாடகைக்கு எடுத்த சைக்கிளில், மேலிருந்தே இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்தபடி வந்தார். நாற்பத்தொன்றாவது வளைவைக் கடந்ததும் பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். பின்சக்கர டியூப் வெடித்து, சைக்கிள் சரிந்து, தடுப்புச் சுவரில் உராய்ந்து நின்றது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்றுவிட்டது. அவரைத் தூக்கி ஓரத்தில் அமர்த்திய சற்று நேரத்தில், சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு பேருந்து மேலேறி வந்தது. சைக்கிளை நகர்த்தப்போன நான் ரிம்மில் விரல் வைத்தேன். கொதிக்கும் இட்லிக் குண்டானின் விளிம்பைத் தொட்டதுபோல் சுட்டது. பிரேக் கட்டைகளோ, அவற்றின் மேலிருக்க வேண்டிய வரிப்பள்ளங்கள் அடையாளமே தெரியாதபடி தேய்ந்திருந்தன.

இதில் தலைவிதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ எடை சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. மெதுவாக இறங்குபவருக்கு அதில் பெரும்பங்கு பிரேக் வழியாகவே வெப்பமாகிறது. ரிம்மை அழுத்தும் பிரேக்கை இடைவிடாது பிடித்தால் அந்தச் சூடு டியூபுக்கு ஏறி அதை வெடிக்கச் செய்யும். டிஸ்க் பிரேக்கும் இதற்கு விலக்கன்று. அளவுக்கு மீறிச் சூடேறினால் அதன் பிடிப்பும் குறையும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்தி, நேர்ச்சாலையில் விட்டு விட்டுப் பிடித்து, பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று சக்கரத்தை ஆறவிட வேண்டும் என்று சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். அனுபவமுள்ளவர்களுக்கு இது அரிச்சுவடி. வாடகைச் சைக்கிளில் முதன்முறை மலையேறும் பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்?

மலைச்சாலையில் வாகனங்கள் ஒதுங்கப் போதிய அகலம் இல்லாத இடத்தில், இறங்கி வருவது நின்று ஏறி வருவதற்கு வழிவிட வேண்டும் என்பது மோட்டார் வாகனங்களுக்கான விதி. பேருந்து ஓட்டுநர்கள் அதை நம்பித்தான் ஒலி எழுப்பிக்கொண்டு வளைவில் திரும்புகிறார்கள். எங்கள் குழுவிலோ சிலர் மூன்று பேராக இணைந்தும் பேசிக்கொண்டும் இறங்கினார்கள் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் சிலர் மலைப்பாதைகளில் சைக்கிளையே தடை செய்யச் சொல்லலாம். அதை நான் ஏற்கவில்லை. புகையும் இரைச்சலுமின்றி மலையைப் பார்ப்பவர்களை விரட்டிவிட்டு கார்களுக்கு மட்டும் வழிவிடுவது என்ன நியாயம்? நான் கேட்பது சிறியது. பயணம் நடத்துவோர் பிரேக்கைச் சோதித்த பிறகே இறங்க அனுமதிக்க வேண்டும். நான்கைந்து பேராக இடைவெளி விட்டு அனுப்பி, வேனைக் கடைசி ஆளுக்குப் பின்னால் வரச் செய்ய வேண்டும். நெடுஞ்சாலைத் துறையினர் வளைவுகளின் உட்புறம் சேரும் மணலையும் சரளைக்கல்லையும் அவ்வப்போது அகற்றி, இறக்கம் தொடங்கும் இடத்தில் சைக்கிள் ஓட்டிகளுக்கென ஓர் எச்சரிக்கைப் பலகையும் வைத்தால் நல்லது. 22 சைக்கிள்களின் பிரேக்கைச் சோதிக்க அரை மணி நேரம் பிடிக்கும். அன்று அடிவாரத்தில், கையில் கட்டுப்போட்ட அந்த மாணவரையும் நடுவில் நிறுத்திப் படமெடுக்க நாங்கள் செலவிட்டது முக்கால் மணி நேரம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஈரோடு.