போர்வையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடாதே

அன்பு மகளுக்கு,

பார்சலை நேற்று தபால் ஆபீஸில் சேர்த்துவிட்டேன். உள்ளே பாப்பாவுக்குப் போர்வை, ஒரு குரோஷா ஊசி, அரக்கில் ஒன்றும் மஞ்சளில் இரண்டுமாக மூன்று சின்ன நூல் உருண்டை இருக்கும். அது லீட்ஸ் வந்து சேர்வதற்குள் இதைப் படித்துவிடு, ஏனென்றால் உன்னை எனக்குத் தெரியும். பிரித்துப் பார்ப்பாய், கண் கலங்குவாய், நாலு போட்டோ எடுப்பாய், அப்புறம் பத்திரமாக ஒரு கவரில் போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்துவிடுவாய். வைக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய்.

உனக்கு ஆறாம் மாதம் முடியும்போது ஆரம்பித்தேன். பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை, குழந்தை பிறப்பதற்கு முன்னால் புதுத்துணி எடுக்கலாமா என்று கேட்டாள். எனக்கும் மனசுக்குள் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் தறிக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு ஒன்று தெரியும்: தறியில் கிடக்கும்வரை அது வெறும் பாவு நூல்தான், அறுத்து எடுத்த பிறகுதான் சேலை. அதனால் கடைசி பத்து வரிசையைப் பின்னாமல் நிறுத்தி வைப்பது, பேத்தி பிறந்த செய்தி வந்த பிறகு முடிப்பது என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அவளும் சரி என்றுவிட்டாள்.

டிசைன் நீ அனுப்பிய புத்தகத்தில் இருந்தது இல்லை. அந்த ஆட்டுக்குட்டியும் மேகமும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் என் கை அதற்குப் போகவில்லை. கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, நம் வீட்டுச் சேலையின் கரையை அதில் வரைந்தேன். நடுவில் மாம்பழ மஞ்சள், இரண்டு பக்கமும் அரக்குக் கரை, கரையிலிருந்து மஞ்சளுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கோபுரங்கள். அகலத்துக்கு 120 கண்ணி, நீளத்துக்கு 160 வரிசை. கரை 16 கண்ணியில் ஆரம்பித்து, வரிசைக்கு ஒரு கண்ணி கூடிக்கொண்டே போய் 21 ஆகும், பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து பழையபடி 16க்கு வரும். பத்து வரிசைக்கு ஒரு கோபுரம், ஒரு பக்கத்துக்கு 16 கோபுரம். எண்ணிப் பார்.

முதலில் ஒரு தப்பு நடந்துவிட்டது. உன் புத்தகத்தில் டபுள் குரோஷே போடு என்று இருந்ததா, அந்தத் தையலைத்தான் போட வேண்டும்போல என்று நான் கற்றபடியே போட்டேன். பதினாலு வரிசை போட்டுவிட்டுப் பார்த்தால் கோபுரம் ஒல்லியாக நீண்டு தென்னை மரம்போல நிற்கிறது! இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. நான் யூடியூபில் பார்த்துக் கற்றது அமெரிக்கக் கணக்கு, உன் புத்தகம் இங்கிலாந்துக் கணக்கு. இங்கிலாந்தில் டபுள் குரோஷே என்று சொல்வதை அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்கிறார்கள்; அமெரிக்காவின் டபுள் இங்கிலாந்தில் ட்ரெபிள். பெயர் ஒன்று, உயரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பதினாலு வரிசையையும் பிரித்தேன். நீயும் கற்றுக்கொள்வதானால் எந்த ஊர்ப் புத்தகம் என்று முதலில் பார்த்துக்கொள். குட்டைத் தையல்தான் குழந்தைக்கு நல்லது, ஓட்டை இருக்காது, பிஞ்சு விரல் போய் மாட்டாது.

இப்போது உன் தாத்தாவை, என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டில் குழித்தறி இருந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் நான் அதில் என்ன செய்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கோர்வைச் சேலை என்றால் கரையையும் உடலையும் தனித்தனி நூலில் நெய்து கோத்துச் சேர்ப்பது. அதற்கு மூன்று நாடா வேண்டும், குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற கட்டை. உடலுக்கு ஒன்று, இடது கரைக்கு ஒன்று, வலது கரைக்கு ஒன்று. தாத்தா குழிக்குள் காலை விட்டு மிதியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு ஆள் தனியாக எல்லாவற்றையும் பார்க்க முடியாது, அதனால் வலது பக்கம் ஒரு சின்னக் கை வேண்டும். எட்டு வயதிலிருந்து அந்தக் கை என்னுடையது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் கொஞ்சம், வந்த பிறகு விளக்கு வைக்கும்வரை. கரை நாடாவை வாங்கி, உடல் நூலோடு ஒரு பின்னல் மாட்டி, திருப்பி விடுவேன். மாட்டாமல் விட்டால் கரை தனியாகவும் உடல் தனியாகவும் நடுவில் கீறல் விழுந்துவிடும். "ரெண்டு நூலும் கை கோத்துக்கிட்டாத்தாம்மா கரை நிக்கும்" என்பார். கால் மரத்துப்போகும், அழுகை வரும். ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் ஊறித் தறி நின்றுபோனால் எனக்கு சந்தோஷமாக இருக்கும், என் அம்மா முகத்தைப் பார்த்தால் அந்த சந்தோஷம் போய்விடும், ஏனென்றால் நெய்தால்தான் கூலி.

அதன் பிறகு நாற்பது வருஷம் நான் நூலைத் தொட்டதில்லை. குரோஷா ஊசியை எடுத்ததுகூட உன் அப்பா போன பிறகுதான், மத்தியானம் தனியாக இருக்க முடியாமல்.

ஆனால் இந்தப் போர்வையின் முதல் வரிசையில் என் மடியில் மூன்று நூல் உருண்டை உட்கார்ந்தன பார், அரக்கு, மஞ்சள், அரக்கு. கை தானாக ஞாபகம் வைத்திருந்தது. நிறம் மாறும் இடத்தில் இப்படிச் செய்ய வேண்டும்: கடைசி அரக்குக் கண்ணியை முழுசாக முடிக்கக் கூடாது. ஊசியில் இரண்டு வளையம் நிற்கும்போதே அரக்கை விட்டுவிட்டு, மஞ்சளை அரக்கு நூலுக்கு அடியில் விட்டு மேலே எடுத்து, அந்த இரண்டு வளையத்துக்குள்ளும் இழுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த கண்ணி முழு மஞ்சளாக நிற்கும், இரண்டுக்கும் நடுவில் ஓட்டையும் விழாது. அதே கோர்வைதான்! நாடாவுக்குப் பதில் ஊசி, பட்டுக்குப் பதில் பருத்தி நூல். அன்றைக்கு நான் இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

வேறு நிற நூலைக் கண்ணிக்குள் வைத்து மூடிக்கொண்டே போகிற முறையும் உண்டு. சின்னச் சின்னப் பூ வேலைக்கு அது சரி, ஆனால் மஞ்சளுக்குள் அரக்கை மறைத்தால் அழுக்குப் படிந்த மாதிரி நிழல் தெரியும். பின்பக்கம் நூலை நீளமாக விட்டுத் தாண்டுவது குழந்தைப் போர்வைக்குக் கூடவே கூடாது, விரலில் சுற்றிக்கொள்ளும். அதனால்தான் கரைக்குத் தனித்தனி உருண்டை. ஒவ்வொரு உருண்டையையும் ஒரு சொம்பில் போட்டு வைத்தேன். ஒரு வரிசை முடிந்து வலப்பக்கமாகத் திருப்பினால் அடுத்த வரிசையை இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் மூன்றும் சடை போட்டுக்கொள்ளும். திரும்பி வருகிற வரிசையில் விடுகிற நூல் என் பக்கமாக இருக்க வேண்டும், அந்தப் பக்கம் போனால் முன்புறத்தில் தெரியும். முதல் முப்பது வரிசை இதற்கே போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு இரண்டு வரிசை, மத்தியானச் சாப்பாடு முடிந்து ஜன்னலோரம், வெளிச்சம் இருக்கும்வரை.

நடுவில் மஞ்சள் தீர்ந்துவிடும்போல இருந்தது. அதே கடை, அதே கம்பெனி, அதே நம்பர் என்றுதான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் வைத்தால் புதுசு ஒரு பொட்டு பச்சையடிக்கிறது. லேபிளில் லாட் நம்பர் வேறு, அதை நான் கடையிலேயே பார்த்திருக்க வேண்டும். ஒரு சேலைக்கு வேண்டிய நூலை ஒரே காய்ச்சலில் சாயம் போட வேண்டும் என்று தாத்தா சாயக்காரரிடம் சண்டை பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள்! பழைய மஞ்சளில் இன்னும் இரண்டு உருண்டை பாக்கி இருந்ததால், பழையதில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிக் கலந்துவிட்டேன். பத்தாவது கோபுரத்துக்குப் பக்கத்தில் தேடு. தெரிந்தால் சொல், எனக்கே இப்போது இடம் கண்டுபிடிக்க முடியவில்லை. மஞ்சளில் இரண்டு உருண்டை அனுப்பியிருப்பது அதனால்தான், லாட்டுக்கு ஒன்று.

சரி, பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கல்யாணத்துக்கு நெய்தார். பாவும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கி வருவார். எங்கள் வீட்டில் யாரும் பட்டு கட்டினதில்லை. எனக்காக மட்டும் ஒரு சேலை நெய்தார், இதே அரக்கு, இதே மஞ்சள். என் கல்யாணத்தன்று கட்டினேன், அதோடு சரி. அவ்வளவு ஒசத்தி, அழுக்காகிவிடும், கிழிந்துவிடும் என்று டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மடிப்பை மாற்றிப் போடவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. உன் கல்யாணத்துக்குக் கட்டலாம் என்று எடுத்துப் பிரித்தபோது மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்தது. ஞாபகம் இருக்கிறதா, அன்றைக்கு நான் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்ததற்கு நீ கோபித்துக்கொண்டாய்? காரணம் இதுதான். அந்த நேரத்தில் உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை. கட்டிக் கட்டிக் கிழிந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அதைக் கட்டி ஒரு தடவையாவது தாத்தா முன்னால் போய் நின்றிருக்கலாம். ஒரு பொங்கலுக்குக்கூட நான் அதை எடுக்கவில்லை.

அதனால் போர்வையைப் பயன்படுத்து. தரையில் விரித்துப் பாப்பாவைப் படுக்கவை, குப்புற விழுந்து எச்சில் வடிக்கட்டும், பால் கக்கட்டும். நீ மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது உன் காலுக்குப் போர்த்திக்கொள். வெளியே கூட்டிப் போகும்போது இடுப்புக்குக் கீழே போடு. ஆனால் தொட்டிலிலோ கட்டிலிலோ தூங்கும்போது மட்டும் ஒரு வயது முடியும்வரை எந்தப் போர்வையும் வேண்டாம், அது நான் பின்னியதாக இருந்தாலும் சரி. முகத்தில் ஏறினால் தள்ளிவிடத் தெரியாது. உங்கள் ஊர் நர்ஸும் இதைத்தான் சொன்னார் என்றாயே, அவர் சொன்னது சரி. நாங்கள் உன்னை அப்படித்தான் வளர்த்தோம் என்று நான் வாதாடப் போவதில்லை.

துவைப்பதற்குப் பயப்படாதே. அரக்கு சாயம் விடுமா என்று ஆரம்பிப்பதற்கு முன்பே பார்த்தேன், நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து இஸ்திரி போட்டதில் கறை இல்லை. இருந்தாலும் முதல் தடவை தனியாகப் போடு, 30 டிகிரி போதும். கொடியில் தொங்கவிடாதே, மொத்தம் 14 உருண்டை, 700 கிராம் பருத்தி, தண்ணீர் குடித்தால் கனத்து ஒரு பக்கமாக இழுத்துவிடும். டவல் விரித்து அதன் மேல் பரப்பிக் காயவை. எங்கேயாவது கண்ணி விட்டுப்போனால் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடாதே. ஊசி 4 மில்லிமீட்டர், அதனால்தான் கூடவே அனுப்பியிருக்கிறேன். விட்ட கண்ணியை ஒரு சேப்டி பின்னால் பிடித்து வைத்துவிட்டு வீடியோ காலில் வா, இரண்டு பேருமாகச் சரிசெய்துவிடலாம்.

இன்னும் ஒன்று, கடைசிக் கோபுரம்.

அந்தப் பத்து வரிசையைப் பிறகுதான் பின்னுவேன் என்று சொன்னேன் இல்லையா, அந்த வார்த்தையை என்னால் காப்பாற்ற முடியவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மாப்பிள்ளை "வலி எடுத்துடுச்சு அத்தை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறோம்" என்று சொல்லிப் போனை வைத்ததும் வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. சாமி விளக்கை ஏற்றினேன், வாசல் தெளித்தேன், அடுப்பைத் துடைத்தேன், மணி நாலுகூட ஆகவில்லை. ஊசியை எடுத்துவிட்டேன். எண்ணிக்கை தவறுவதும் பிரிப்பதும் திரும்பப் பின்னுவதுமாக ஆறேழு மணி நேரத்தில் ஐந்தே வரிசை. பத்து மணிக்குமேல் போன் வந்தது, உன் குரல் கேட்டது, பின்னால் அவள் அழுகிற சத்தமும் கேட்டது. மீதி ஐந்து வரிசையை அன்று சாயங்காலம் போட்டேன். பெரியம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

மேல் ஓரத்தில் பதினாறாவது கோபுரத்தைத் தடவிப் பார். ஏறுகிற ஐந்து வரிசையும் கயிறுபோல இறுகியிருக்கும், அந்த இடத்தில் போர்வையே அரை விரல் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். இறங்குகிற ஐந்தும் தொளதொள என்று இருக்கும். இழுத்துச் சரிசெய்யலாமா என்று பார்த்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வந்ததும் கவரைக்கூட மடிக்காதே, விரித்து அவளை மேலே போட்டுவிட்டுக் கூப்பிடு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அம்மா