அதில் மர்மம் எதுவும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், தானே ஓட்டிச் சென்ற சிறு விமானம் விழுந்து இறந்த விபத்தைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. ‘300 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி எப்படிக் கடலில் விழுந்தார் என்பது இன்றும் விலகாத மர்மம்’ என்று முடித்திருந்தீர்கள். பல வருடங்கள் சிறு விமானங்களில் பயிற்றுநராக இருந்தவன் நான். அந்த வரியைத் தாண்டி என்னால் பேப்பரைப் படிக்க முடியவில்லை.

என்ன மர்மம்? விபத்து நடந்தது 1999 ஜூலை 16. மறு வருடமே அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணத்தைச் சொல்லிவிட்டது. இரவில், கடலுக்கு மேல், தொடுவானம் தெரியாத மூட்டத்தில் இறங்கும்போது அவருக்குத் திசை மயக்கம் ஏற்பட்டது, விமானம் கைமீறிப் போனது. அவர் பறந்திருந்த சுமார் 310 மணி நேரத்தில் இரவில் பறந்தது 55. விழுந்த அந்த பைப்பர் சரடோகாவை ஓட்டியது 36. அதிலும் பயிற்றுநர் இல்லாமல் ஏறக்குறைய 3 மணி நேரம்தான். பயிற்றுநர் இல்லாமல் அதை இரவில் ஓட்டியது ஒரு மணி நேரம்கூட இல்லை. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதியும் அவர் பெற்றிருக்கவில்லை. இவ்வளவும் உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தெரிந்தும் ‘குடும்பச் சாபம்’ என்று தனியாக ஒரு பெட்டிச் செய்தி எதற்கு?

இந்தத் திசை மயக்கத்தைப் புரியவைக்க, கண்ணை மூடிக்கொண்டு விமானத்தை நேராக ஓட்டு என்று மாணவர்களிடம் சொல்வோம். நன்றாக ஓட்டுகிற பையனே ‘நேராத்தான் போறோம் சார்’ என்பான். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து, வட்டமடித்து இறங்கிக்கொண்டிருக்கும். உடலின் சமநிலையை உணரும் உள்காது பொய் சொல்கிறது, மூளை அதை நம்புகிறது. 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைச் சோதித்தபோது, கட்டுப்பாட்டை இழக்க சராசரியாக 178 விநாடிகளே ஆயின. 2020-இல் விழுந்த, கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் சென்ற ஹெலிகாப்டரின் விமானி 8,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். மேகத்துக்குள் அவருக்கும் இதே மயக்கம்தான்.

நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் இரவில் குறைந்தது 5, கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தது குறைந்தது 10. மொத்தக் கணக்கை மட்டும் அச்சிட்டால் வாசகருக்கு என்ன புரியும்?

இது இன்று தொடங்கியது அல்ல. 2004-இல் நடிகை சௌந்தர்யா சென்ற செஸ்னா 180 ரகச் சிறு விமானம், பெங்களூரு ஜக்கூரில் கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்தபோதும் பத்திரிகைகள் ஜாதகத்தைத்தான் அலசின. இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் விழுந்த செய்திக்குப் போயிங் படம் போடுகிறீர்கள். பெரும்பாலும் கருப்புப் பெட்டியே இல்லாத ரகத்துக்குக் ‘கருப்புப் பெட்டி தேடப்படுகிறது’ என்று எழுதுகிறீர்கள். என்ஜின் நின்றால் கல்லைப் போல விழுமாம். செஸ்னா 172 ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து என்ஜின் இல்லாமலே சுமார் 9 கிலோமீட்டர் மிதந்து போகும். இப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டு, ஒரு மாணவியின் அப்பா அவளைப் பாதியிலேயே படிப்பை நிறுத்தி அழைத்துப் போனார். நல்ல கை அவளுக்கு. நான் எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. இதற்கு முன் நான் எழுதிய கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

நான் கேட்பது இரண்டே. கென்னடி கட்டுரைக்கு ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இனி விமானியின் மணிக் கணக்கைப் போடும்போது, அந்த ரக விமானத்தில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்பதையும் விசாரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பயிற்றுநர்,
திருச்சி